ஸாம்ப் விமர்சனம்: அப்பாச்சி கிளம்ப மறுத்த ராத்திரியும் அந்த நெட்ஸ்டாட் பட்டனும்

ஸாம்ப் போடலாமா வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டு லேப்டாப்பில் ஒரு வெப்சைட்டைக் கட்டிப் பார்க்க, பிஎச்பி என்ற புரோகிராமிங் மொழியைக் கற்றுக்கொள்ள, வெப்சைட் கட்ட உதவும் வேர்ட்பிரஸை யாருக்கும் காட்டாமல் நோண்டிப் பார்க்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது. ஆறு வருடமாக வைத்திருக்கிறேன், ஒரு வெள்ளி செலவில்லை. ஆனால் ஒரு நாள் அது கிளம்ப மறுக்கும். யார் வைத்திருந்தாலும் ஒரு நாள் மறுக்கும். அன்றைக்குப் பலரும் அதை அழித்துவிட்டுத் திரும்ப இன்ஸ்டால் செய்கிறார்கள், அப்போதும் அதே சிவப்பு எழுத்துதான் வருகிறது, உடனே கோபத்தில் ஒற்றை நட்சத்திரம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அந்த ஒற்றை நட்சத்திரம் நியாயமே இல்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அப்பாச்சி என்ற வெப் சர்வர், டேட்டாபேஸுக்கு மரியாடிபி, பிஎச்பி, பெர்ல் என்ற இன்னொரு மொழி எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டித் தருவதுதான் ஸாம்ப். அப்பாச்சி ஃபிரண்ட்ஸ் என்ற குழு 2002-இல் ஆரம்பித்தது. 2015-இல் அதுவரை இருந்த மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸை எடுத்துவிட்டு மரியாடிபியை வைத்தார்கள், ஆனால் கண்ட்ரோல் பேனலில் இன்னும் மைஎஸ்க்யூஎல் என்றுதான் போட்டிருக்கும், குழம்ப வேண்டாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கும் என் அக்கா தீபாவளிக்கு முறுக்கும் அச்சுமுறுக்கும் வீட்டிலேயே சுட்டு விற்கிறார். வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து எடுத்து, யார் எத்தனை டின் கேட்டார், யார் காசு அனுப்பினார் என்று கணக்கே நிற்கவில்லை. அதனால் வேர்ட்பிரஸில் ஒரு ஆர்டர் பக்கம் செய்து கொடுத்தேன். முதலில் என் லேப்டாப்பில் ஸாம்ப் வைத்துச் சரிபார்ப்பேன், அப்புறம்தான் வெளியே ஏற்றுவேன். போன வருடம் தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி வேலை முடிந்து வந்து உட்கார்ந்தேன். அதிரசத்தைச் சேர்க்க வேண்டும், டெலிவரி தேதிகளை மாற்ற வேண்டும், அரை மணி நேர வேலை. கண்ட்ரோல் பேனலில் ஸ்டார்ட் பட்டனை அழுத்தினேன். அப்பாச்சி என்ற பெயர் மஞ்சளானது, பச்சையாக மாறவில்லை, பழையபடி வெறுமையாகிவிட்டது. கீழே லாக்கில், அதாவது நடந்ததைப் பதிவு செய்யும் பெட்டியில், சிவப்பாக, அப்பாச்சி எதிர்பாராமல் நின்றுவிட்டது என்று ஒரு வரி. காரணமாக அது சொல்வது: போர்ட் அடைபட்டிருக்கலாம், தேவையான ஏதோ ஒன்று இல்லாமல் இருக்கலாம், அனுமதி போதாமல் இருக்கலாம், கிராஷ் ஆகியிருக்கலாம்.

இந்த வரியைப் படித்துவிட்டுத்தான் எல்லோரும் பயந்துபோகிறார்கள். இத்தனை காரணத்தையும் ஒரே மூச்சில் சொன்னால் யாருக்குத்தான் புரியும்? ஆனால் லாக்கைக் கொஞ்சம் மேலே தள்ளிப் பாருங்கள். பேனலைத் திறந்த கையோடு, நீங்கள் ஸ்டார்ட்டை அழுத்துவதற்கு முன்பே, அது விஷயத்தைச் சொல்லியிருக்கும். 80-ஆம் போர்ட்டை இன்னொன்று பிடித்து வைத்திருக்கிறது, அதன் பிஐடி, அதாவது ஓடும் புரோகிராமுக்கு விண்டோஸ் கொடுக்கும் எண், 4, அதை நிறுத்தினாலோ போர்ட்டை மாற்றினாலோதான் அப்பாச்சி கிளம்பும் என்று அங்கே தெளிவாக எழுதியிருந்தது. நான் அதைப் பார்க்காமல் நேராகக் கடைசி வரிக்குப் போய்விட்டேன்.

போர்ட் என்றால் என்ன என்று என் அக்காவுக்குச் சொன்ன மாதிரியே சொல்கிறேன். நம் கம்ப்யூட்டர் ஒரு வீவக அடுக்குமாடி புளோக் என்றால் போர்ட் என்பது வீட்டு எண். மொத்தம் 65,535 வீடு. பிரவுசரில் ஒரு முகவரியை அடித்தால், எண் எதுவும் சொல்லாத வரைக்கும், சாதாரண எச்டிடிபிக்கு 80-ஆம் வீட்டுக் கதவையும் பூட்டுப் படம் போட்ட எச்டிடிபிஎஸ்ஸுக்கு 443-ஆம் வீட்டுக் கதவையும் தட்டும். ஒரு வீட்டில் ஏற்கெனவே ஒருவர் குடியிருந்தால் அடுத்தவர் சாமான் செட்டோடு உள்ளே போக முடியாது. அப்பாச்சிக்கு நடந்தது அதுதான். அதில் ஒரு கோளாறும் இல்லை, ஃபைல் எதுவும் கெடவில்லை. அதனால்தான் ரீஇன்ஸ்டால் செய்தும் பலனில்லை என்கிறேன். குடி வருகிறவரை மாற்றினாலும் ஏற்கெனவே இருப்பவர் அங்கேயேதானே இருப்பார்?

நான் செய்த முதல் தப்பு, யார் குடியிருக்கிறார் என்று கேட்காமல் அப்பாச்சியை வேறு எண்ணுக்கு மாற்றியது. இணையத்தில் தேடினால் பத்தில் எட்டு பேர் 80-ஐ 8080 ஆக்கு என்றுதான் சொல்கிறார்கள். பேனலில் அப்பாச்சி வரிசையில் இருக்கும் கான்ஃபிக் பட்டனை அழுத்தி, முதல் ஃபைலைத் திறந்து, லிஸன் 80 என்றிருந்ததை லிஸன் 8080 ஆக்கினேன், சர்வர் பெயர் வரியிலும் மாற்றினேன். ஸ்டார்ட். திரும்பவும் மஞ்சள், திரும்பவும் வெறுமை. ஏனென்றால் அப்பாச்சி இரண்டு கதவையும் திறக்கப் பார்க்கும். எஸ்எஸ்எல்லுக்கென்று, அதாவது அந்தப் பூட்டுப் படம் போட்ட எச்டிடிபிஎஸ்ஸுக்கென்று, தனி கான்ஃப் (செட்டிங்ஸ்) ஃபைல் இருக்கிறது, அதில் லிஸன் 443 அப்படியே இருந்தது, அந்த 443-லும் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். இரண்டில் ஒன்று கிடைக்காவிட்டாலும் அப்பாச்சி மொத்தமாகவே கிளம்பாது. நான் படித்த பக்கங்களில் இதை ஒருவர்கூட எழுதி வைக்கவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். 80-ஐ மட்டும் மாற்றிவிட்டு ராத்திரி முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் நிறைய பேர் இருப்பார்கள்.

அதையும் 4433 ஆக்கினேன். இப்போது பச்சை வந்தது. ஆனால் பேனல் விடாமல் 80 அடைபட்டிருக்கிறது என்றே எச்சரித்தது. காரணம், பேனல் தனக்கென்று ஒரு போர்ட் பட்டியல் வைத்திருக்கிறது, மேலே வலது மூலையில் உள்ள கான்ஃபிக்கில் சர்வீஸ் அண்ட் போர்ட் செட்டிங்ஸ் என்று இருக்கும், அங்கேயும் தனியாகப் போய் மாற்ற வேண்டும். இங்கே ஸாம்ப்புக்கு ஒரு நட்சத்திரத்தைக் குறைக்கிறேன். ஒரே எண்ணை மூன்று இடத்தில் மாற்றச் சொல்வது நல்ல வடிவமைப்பு ஆகாது. பேனலில் மாற்றினால் கான்ஃப் ஃபைலிலும் தானாக மாற வேண்டும், அதுதான் முறை. இன்னொன்று, பேனலை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்காவிட்டால் அந்த மாற்றத்தைச் சேமிக்க முடியாமல் போகலாம், ரைட் கிளிக் செய்து திறப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

பச்சை வந்ததும் நிம்மதியாக 8080 போட்டு அக்காவின் பக்கத்தைத் திறந்தேன். கண் முன்னாலேயே முகவரியிலிருந்த 8080 காணாமல் போனது, பக்கம் இல்லை என்று 404 வந்தது. அதுவும் நம் அப்பாச்சியின் 404 மாதிரி இல்லை, எழுத்தே வேறு. இது வேர்ட்பிரஸின் குணம். தன் சொந்த முகவரியை அது டேட்டாபேஸில் ஆப்ஷன்ஸ் டேபிளில் சைட்யூஆர்எல், ஹோம் என்று இரண்டு வரியில் எழுதி வைத்திருக்கும். நாம் வேறு எண்ணில் போய்த் தட்டினால், அங்கே எழுதியிருக்கிற பழைய முகவரிக்கே நம்மைத் திருப்பி அனுப்பிவிடும். அப்படி அது என்னை 80-க்கே தள்ளியது. முகவரியில் ஃபோல்டர் பெயரை அழித்துவிட்டு வெறும் லோக்கல்ஹோஸ்ட் (இந்தக் கம்ப்யூட்டரையே குறிக்கும் பெயர்) என்று என்டர் தட்டினேன். நீல நிறத்தில் கட்டம் கட்டமாக, பல மொழிகளில் நல்வரவு சொல்லும் பக்கம் ஒன்று வந்தது. ஐஐஎஸ். விண்டோஸோடு வரும் மைக்ரோசாஃப்ட்டின் வெப் சர்வர். 80-இல் குடியிருந்தது யார் என்று அப்போதுதான் தெரிந்தது.

இதை அரை மணி நேரம் முன்னாலேயே தெரிந்துகொள்ள வழி இருந்தது, பேனலின் வலது பக்கத்தில் நெட்ஸ்டாட் என்று ஒரு பட்டன். இந்த விமர்சனத்தில் ஒரே ஒரு விஷயம்தான் உங்களுக்கு நினைவில் நிற்கும் என்றால் இந்தப் பட்டன் நிற்கட்டும். அழுத்தினால் ஒரு சின்ன ஜன்னல் திறந்து எந்த முகவரி, எந்த போர்ட், எந்த பிஐடி, என்ன புரோகிராம் என்று வரிசையாகக் காட்டும். கமாண்ட் பிராம்ப்டில் நெட்ஸ்டாட் என்று அடித்து ஏ, என், ஓ என்ற மூன்று எழுத்தைச் சேர்த்தாலும், புரோகிராம் பெயரைத் தவிர, இதே விவரம் வரும், ஆனால் அங்கே 80 என்று தேடினால் 8080, 8009 என்று எல்லாமே வந்து கொட்டும், வெளியே போன இணைப்புகளும் கலந்து வரும். லிஸனிங் என்று போட்டிருக்கிற வரியை மட்டும், அதிலும் இடது பக்க முகவரியை மட்டும் பாருங்கள். மற்றதெல்லாம் உங்களுக்கு வேண்டாம்.

பிஐடி 4 பற்றி ஒரு எச்சரிக்கை. டாஸ்க் மேனேஜரில் 4 என்றால் சிஸ்டம் என்று இருக்கும், அதைக் கொல்ல முடியாது, முயலவும் வேண்டாம். விண்டோஸுக்குள் எச்டிடிபி டாட் சிஸ் என்று ஒரு டிரைவர் இருக்கிறது. ஐஐஎஸ் மாதிரி சர்வீஸ்கள் அதனிடம் சொல்லித்தான் போர்ட்டை வாங்கிக்கொள்ளும், அதனால் வெளியே பார்க்கும்போது எல்லாமே சிஸ்டம் பெயரில்தான் தெரியும். வாடகைக்கு இருப்பவரின் பெயர் இல்லாமல் வீட்டு உரிமையாளர் பெயர் மட்டும் கதவில் இருக்கிற மாதிரி. உள்ளே யார் என்று பார்க்க சர்வீசஸ் பட்டியலில் வேர்ல்ட் வைட் வெப் பப்ளிஷிங் சர்வீஸ் ஓடுகிறதா என்று பாருங்கள், அது ஓடினால் ஐஐஎஸ். அது இல்லையென்றால் எஸ்க்யூஎல் சர்வரின் ரிப்போர்ட்டிங் சர்வீஸஸ், வெப் டிப்ளாய்மெண்ட் ஏஜெண்ட் மாதிரி ஏதாவது இருக்கலாம்.

என் லேப்டாப்பில் ஐஐஎஸ் எப்படி வந்தது? அக்கா மகனுக்கு ஃபோன் போட்டேன். பாலிடெக்னிக்கில் படிக்கிறான், அவன் லேப்டாப் ரிப்பேருக்குப் போயிருந்ததால் இரண்டு வாரம் என்னுடையதை எடுத்துப் போயிருந்தான்.

"மாமா, அது நான்தான். கிளாஸ் புராஜெக்டுக்கு விண்டோஸ் ஃபீச்சர்ஸ்ல ஆன் பண்ணினேன். ஆஃப் பண்ணிடாதீங்க, அடுத்த மாசம் சப்மிட் பண்ணணும்."

"443-உம் நீதானா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "விர்ச்சுவல் மெஷின் போட்டேன் மாமா. அதுல ஷேரிங்னு ஒண்ணு இருக்கும், அதுவா இருக்கும்."

விர்ச்சுவல் மெஷின் என்றால் ஒரு கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டுவது. அவன் சொன்னது சரி. நெட்ஸ்டாட்டில் 443-க்கு நேராக அந்த மென்பொருளின் பெயரே நின்றது. அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவனுக்கும் அது தேவை, எனக்கும் இது தேவை, புளோக் ஒன்று. யாரை இடம் மாற்றுவது என்பதுதான் கேள்வி. நான் அப்பாச்சியை 80-லேயே வைப்பது என்று முடிவு செய்தேன். அக்காவின் பக்கம் முழுக்கப் பழைய முகவரி ஊறியிருக்கிறது, ஆப்ஷன்ஸ் டேபிளில் மட்டுமில்லாமல் முறுக்குப் படங்களின் லிங்க்கிலும் அதே முகவரிதான். அவனுடைய ஐஐஎஸ்ஸுக்கோ ஒரே இடத்தில் மாற்றினால் போதும்: ஐஐஎஸ் மேனேஜரில் டிஃபால்ட் வெப்சைட், அதில் பைண்டிங்ஸ், 80 என்பதை 8081 ஆக்கினேன். விர்ச்சுவல் மெஷினின் ஷேரிங் அவனுக்கே தேவைப்படவில்லை, செட்டிங்ஸில் போய் நிறுத்திவிட்டேன். கான்ஃப் ஃபைல்களில் 80-ஐயும் 443-ஐயும் பழையபடி போட்டு ஸ்டார்ட் கொடுத்தேன். மஞ்சள், அப்புறம் பச்சை, பக்கத்திலேயே 80, 443 என்று இரண்டு எண்ணும் வந்து நின்றன. அந்தப் பச்சையைப் பார்த்தபோது மணி பன்னிரண்டரை. அதிரசத்தைச் சேர்த்துவிட்டுத்தான் படுத்தேன்.

இன்னொரு வகைச் சிக்கலையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நெட்ஸ்டாட்டில் தெரியாது. ஜூரோங்கில் இருக்கும் நண்பர் ஒருவரின் கம்ப்யூட்டரில் மைஎஸ்க்யூஎல் கிளம்பவில்லை, அதன் வழக்கமான போர்ட்டான 3306-இல் யாரும் இல்லை, ஆனாலும் உட்கார முடியவில்லை. லாக்கில் 10013 என்று ஓர் எண் இருந்தது. ஆள் உட்கார்ந்திருந்தால் வருவது 10048. 10013 வந்தால் கதை வேறு. நம் ஊர் உணவங்காடியில் மத்தியான நேரம் போய்ப் பாருங்கள், மேசை காலியாக இருக்கும், ஆளே இருக்காது, ஆனால் நடுவில் ஒரு டிஷ்யூ பாக்கெட் இருக்கும், யாரும் உட்கார மாட்டார்கள். சோப் பண்ணி, அதாவது இடம் பிடித்து, வைத்திருக்கிறார்கள். விண்டோஸும் ஹைப்பர்-வி, டாக்கர் மாதிரி கம்ப்யூட்டருக்குள் தனிச் சூழலை ஓட்டும் மென்பொருள்களுக்காக போர்ட்டுகளைக் கொத்துக் கொத்தாக இப்படிச் சோப் பண்ணி வைக்கும், சில சமயம் நமக்கு வேண்டிய எண்ணும் அந்தக் கொத்துக்குள் மாட்டிக்கொள்ளும். அந்தப் பட்டியலை நெட்எஸ்எச் கமாண்டில் எக்ஸ்க்ளூடட் போர்ட் ரேஞ்ச் என்று கேட்டுப் பார்க்கலாம். நண்பருக்கு, அப்படி எண்களைப் பிடித்து வைக்கும் வின்நாட் என்ற விண்டோஸ் சர்வீஸை அட்மினிஸ்ட்ரேட்டராக நிறுத்தி, மைஎஸ்க்யூஎல்லைக் கிளப்பி, அப்புறம் வின்நாட்டைத் திரும்ப ஓடவிட்டதும் சரியானது. ஐந்து நிமிடம். அதற்கு முன்னால் அவர் இரண்டு தடவை ஸாம்ப்பை அழித்துப் போட்டிருந்தார்.

மைஎஸ்க்யூஎல் கிளம்பாதபோது டேட்டா ஃபோல்டரில் இருக்கும் ஐபிடேட்டா1 என்ற ஃபைலை அழித்துவிடு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். தகவலைச் சேமித்து வைக்கும் இன்னோடிபி டேபிள்களின் உயிர்நாடி அதற்குள் இருக்கிறது, அது போனால் ஆர்டர் எல்லாம் திறக்க முடியாமல் போய்விடும். முதலில் போர்ட்டைப் பாருங்கள். போர்ட் காலியாக இருந்தும் கிளம்பவில்லை என்றால் டேட்டா ஃபோல்டர் முழுவதையும் வேறு இடத்துக்கு நகல் எடுத்து வைத்துவிட்டு, அப்புறம் எதையும் தொடுங்கள்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு 80-இல் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் 2021-இல் வந்த மான்டரேயிலிருந்து ஏர்பிளே ரிசீவர் 5000-ஆம் போர்ட்டைப் பிடித்துக்கொள்கிறது. பைத்தானில் வெப்சைட் கட்ட உதவும் ஃபிளாஸ்க்கும் வழக்கமாக அதே 5000-ஐத்தான் கேட்கும், அதைக் கற்பவர்கள் முதல் நாளே அதில் முட்டிக்கொள்வார்கள். சிஸ்டம் செட்டிங்ஸில் ஏர்பிளே ரிசீவரை நிறுத்தினால் போதும்.

ஸாம்ப்பின் மற்ற குறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 8.2.12 பதிப்பு 2023 நவம்பரில் வந்தது, நான் வைத்திருப்பதும் அதுதான், புதிய பிஎச்பி வேண்டும் என்பவர்களுக்கு அது பழையதாகத் தெரியும். மைஎஸ்க்யூஎல்லின் ரூட் கணக்குக்குப் பாஸ்வேர்ட் கிடையாது, அதனால் இதை அப்படியே இணையத்தில் திறந்துவிடுவது பெரிய ஆபத்து. வளர்ச்சி வேலைக்கு மட்டும்தான் இது என்று ஸாம்ப்காரர்களே சொல்கிறார்கள். உள்ளே வரும் ஃபைல்ஜில்லா, மெர்குரி, டாம்கேட் என்ற மற்ற சர்வர்கள் எனக்கு ஒரு நாளும் தேவைப்பட்டதில்லை, இன்ஸ்டால் செய்யும்போதே டிக்கை எடுத்துவிடுங்கள், அவையும் ஆளுக்கொரு போர்ட் கேட்கும். வெறும் பிஎச்பி ஃபைல் நான்கைந்தை ஓட்டிப் பார்க்கத்தான் என்றால் ஸாம்ப்பே வேண்டாம், பிஎச்பிக்குள்ளேயே 5.4-இலிருந்து ஒரு சின்ன சர்வர் இருக்கிறது, எந்த போர்ட் என்று நீங்களே சொல்லிக் கிளப்பலாம்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். எண்ணை மூன்று இடத்தில் மாற்ற வைத்ததற்குத்தான் அந்த ஒன்று போனது. வேர்ட்பிரஸ் படிக்க ஆரம்பித்திருக்கிற மாணவர்களுக்கும், வீட்டிலிருந்து சின்னதாக வியாபாரம் செய்து தன் பக்கத்தைத் தானே பார்த்துக்கொள்ள நினைக்கிறவர்களுக்கும் தாராளமாகச் சொல்வேன்.

என் லேப்டாப்பில் கீபோர்டுக்குக் கீழே, இடது கை படுகிற இடத்தில், ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன். அக்கா முறுக்கு டின்னில் பெயர் எழுத வைத்திருக்கும் அதே ஸ்டிக்கர். 80, 443, 3306 மாமா என்று எழுதியிருக்கிறேன். அடுத்த வரியில் 8081, அதற்கு நேராகத் தன் பெயரை அவனே எழுதிவிட்டுப் போயிருக்கிறான்.